வேகமாகப் பாடப்படும் தலைமுறை

தம்பி,

வெள்ளிக்கிழமை நீ வந்து, மேலே ஏறாமல், கீழே தபால் பெட்டிக்குள் ஒரு உறையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். உன்னுடைய கார் பார்க்கிங்கிலிருந்து திரும்பிப் போவதை நான் பல்கனியில் நின்று கண்டேன். கைகாட்டலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் நீ சந்தியைத் தாண்டிவிட்டாய். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ வீட்டுக்கு வரவில்லை. நான் போன் எடுத்தால் மெஷின்தான் கதைக்கிறது. உன் கலியாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. அதற்குள் நேரில் சொல்ல எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும் என்று தோன்றவில்லை. கிடைத்தாலும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் துணிவு வராது. ஆகவே எழுதுகிறேன்.

உறைக்குள் இருந்த தாள் என் முன்னால் மேசையில் கிடக்கிறது. நீ கட்டப்போகிற கிரணின் அப்பா தன் கையால் கோடு கீறி, ஒழுங்காக எழுதி அனுப்பியிருக்கிறார். எஞ்சினியரின் கை. மேலே தந்தை வழி: தந்தை, அவரின் தந்தை, அவரின் தந்தை, பூர்வீக ஊர். கீழே தாய் வழி, அதே நாலு வரி. சடங்கில் எங்கள் ஐயர் எப்படியும் மூன்று தலைமுறை சொல்லுவார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் வழக்கத்தில் தாய்வழியும் கட்டாயம் வேண்டுமாம். ராஜஸ்தானில் அவர்களுடைய வம்சாவளி ஏட்டை வைத்திருக்கிறவர் அதைப் பதிந்துகொள்வாராம், இங்கே கலியாண மண்டபத்தில் மைக்கில் வாசிப்பார்களாம். அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'மேடம் சரித்திரம் படித்தவர், இது அவருக்குச் சிரமமாக இராது.' அந்த வரி எனக்குச் சுட்டது. சுடட்டும் என்றுதான் எழுதியிருப்பார். நான் அதற்கு ஏற்றவள்தான்.

மேல் நாலு வரியையும் அப்பா வெள்ளிக்கிழமையே தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் நிரப்பிவிட்டார். கீழ் நாலு வரி இன்றைக்கு மத்தியானம் வரை வெறுமையாகக் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி முதலில் சொல்கிறேன். யூனியன்வில்லில் கிரண் வீட்டுக்குச் சாப்பிடப் போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே, நான் வேலை செய்யும் நூலகத்திலிருந்து, அவர்களுடைய ஆட்களான ராஜபுத்திரர் பற்றிய நாலு புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பகல் முழுக்க அலுமாரிகளில் புத்தகம் அடுக்குகிறவளுக்கு எது எந்தத் தட்டில் இருக்கும் என்று தேட வேண்டியதில்லை. நீ அதைக் கண்டுவிட்டுச் சிரித்தாய். "அம்மாவுக்கு எக்ஸாமோ? எத்தினை மார்க்ஸுக்கு?" என்று கேட்டாய். நானும் சிரித்தேன். உண்மையில் அது எனக்கு ஒருமுறை பரீட்சையில் வந்த கேள்விதான். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம்: ராஜபுத்திரரின் தோற்றம் பற்றிய கொள்கைகளை ஆராய்க. நாலு கொள்கை, நாலு பக்கம். பழைய சூரிய வம்சம், சந்திர வம்சம் என்ற சத்திரியர்களின் நேரடி வழித்தோன்றல்கள் என்பது ஒன்று. அபு மலையில் வசிட்ட முனிவர் வளர்த்த வேள்வித் தீயிலிருந்து எழுந்த நாலு குலங்கள் என்பது இரண்டாவது. வடமேற்கிலிருந்து வந்த சகர், ஹூணர் போன்ற அந்நியர் இந்து சமூகத்துக்குள் கலந்து சத்திரியர் ஆனார்கள் என்பது மூன்றாவது. எங்கிருந்தும் வரவில்லை, அங்கேயே இருந்த மேய்ச்சல்காரரும் வேடரும் வயல் உழுத கமக்காரரும் கொஞ்சம் பிராமணரும் நிலமும் கோட்டையும் கிடைத்த பிறகு அந்தப் பெயரைச் சூடிக்கொண்டார்கள் என்பது நாலாவது. நான் எல்லாவற்றையும் பாடமாக்கி எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது. அந்தக் கேள்வி என்னைப் பற்றியது என்று ஒரு கணமும் எனக்குப் படவில்லை.

அவர்களுடைய வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. கிரணின் அம்மா மிளகாய் சிவக்கச் சமைத்த ஆட்டிறைச்சியை அப்பா மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். கிரண் எனக்குப் பக்கத்தில் இருந்து, "அன்ரி, ரொட்டி வேணுமா?" என்று நீ சொல்லிக்கொடுத்த தமிழில் கேட்டாள். அவளுடைய அப்பா சுவரில் மாட்டியிருந்த வம்சாவளி மரத்தைக் காட்டி, தாங்கள் சௌகான் குலம், நெருப்பில் பிறந்தவர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதில் பெருமை இருந்தது, ஆனால் இறுமாப்பு இருக்கவில்லை. தன் பிள்ளைக்கு விளையாட்டுக் கோப்பை கிடைத்ததைச் சொல்வதுபோல்தான் சொன்னார். பிறகு அப்பாவைப் பார்த்து, "நீங்கள்?" என்று கேட்டார். அப்பா நிமிர்ந்து இருந்துகொண்டு காணி, பூமி, கோயில் என்று தொடங்கினார். அவர் தலையாட்டிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்து என் பக்கம் திரும்பி, "மேடத்தின் பக்கம்?" என்றார்.

மரியாதைக்குக் கேட்ட கேள்வி. வேறு யாராக இருந்தாலும் ஒரு ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்திருப்பார்கள்.  நாற்பது வருடமாக இந்தக் கேள்விக்கு நான் பதில் ஆயத்தமாக வைத்திருக்கிறேன். ஆனால் அதெல்லாம் எங்கள் ஆட்களுக்கான பதில்.  நான் செய்தது என்ன தெரியுமா? கேள்வியை அவர் பக்கமே திருப்பிவிட்டேன். "அந்த நெருப்புக் கதைக்கு வேறு விளக்கமும் இருக்கிறது," என்று தொடங்கினேன். வெளியிலிருந்து வந்தவர்களைச் சுத்தப்படுத்தி உள்ளே எடுக்கச் செய்த சடங்கைத்தான் பிற்காலத்தில் நெருப்பில் பிறந்ததாகப் பாடிவிட்டார்கள் என்று சிலர் கருதுகிறார்கள், என்று வகுப்பில் பாடம் எடுப்பதுபோல் சொன்னேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மேய்ச்சல்காரர், வேடர் என்று நாலாவது கொள்கைக்கும் போனேன்.

"சுத்தப்படுத்தவா?" என்று கேட்டார் அவர். சத்தம் உயரவில்லை. "எதிலிருந்து, மேடம்?"

 கிரண் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாதான், பாவம், "மட்டன் வலு திறம்," என்று தமிழில் சொன்னார். அதை ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை.

நான் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனேன். கிரணின் அம்மா பின்னால் வந்து, நான் மன்னிப்புக் கேட்பதற்கு முன்பே சிரித்தார். "அவர் கோபிக்கிறார். ஆனால் அவருக்கும் தெரியும்," என்றார். பிறகு துடைக்கும் துணியை என் கையில் தந்துவிட்டு ஒரு கதை சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அவர் தகப்பனின் வீட்டுக்கு வம்சாவளி பாடுகிறவர் சில வருடங்களுக்கு ஒருமுறை வருவாராம். சிவப்புத் துணியில் சுற்றிய ஏட்டை விரித்து, சூரியனில் தொடங்கி ஒவ்வொரு பெயராக நீட்டி நீட்டிப் பாடுவாராம். ஒரு இடம் வந்ததும் மூச்சு விடாமல் ஓடி, அடுத்த அரசனில் போய்த்தான் நிற்பாராம். "ஏன் அதை மட்டும் ஓடுகிறீர்கள் என்று நான் கேட்டுவிட்டேன். அப்பா எழும்பி வெளியே போய்விட்டார். பாடகர் என்னிடம் சொன்னார்: மகளே, எல்லா வீட்டிலும் ஒரு தலைமுறையை வேகமாகத்தான் பாட வேண்டும்."

அவர் சிரித்தார். நான் ஏற்கெனவே துடைத்த கோப்பையைத் திரும்பவும் துடைத்துக்கொண்டு நின்றேன்.

 கென்னடி ரோட்டால் திரும்பி வந்து, எங்கள் கட்டிடத்துக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டுத்தான் சொன்னாய். "அம்மா, யூ டிட் இட் ஒன் பேர்பஸ். வதனி கீழை எண்டு சொல்லி அவளைக் கலைச்சீங்கள். இவையள் மேலை எண்டவுடனை இவையளைக் கீழை இழுக்கிறீங்கள். உங்களுக்கு ஆர்தான் சரிவரும்?" அப்பா, "டேய், அம்மாவோடை உப்பிடிக் கதையாதை," என்றார். நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டேன். உனக்குப் பதில் சொல்லாததற்குக் காரணம், நீ சொன்னதில் பாதி பிழை. ஆனால் பிழையான அந்தப் பாதியைத் திருத்துவதென்றால் மற்றதெல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது.

வதனியின் கதையை உனக்குத் தெரிந்த அளவில் முதலில் சொல்கிறேன். உனக்கு அப்போது இருபது வயது. டோர்செட் பார்க்கில் இருந்த பிள்ளை, உன்னோடு யூனிவர்சிட்டியில் படித்தவள். இரண்டு தரம் வீட்டுக்கும் வந்தாள். வந்த இரண்டு தரமும் தான் குடித்த கோப்பையைத் தானே கழுவி வைத்தாள். அவளை விரும்புவதை நீ எனக்கு மட்டும் சொன்னாய். நான் அவளுடைய அம்மாவுக்குப் போன் எடுத்தேன். எங்கள் ஆட்கள் எப்படி விசாரிப்பார்கள் என்று உனக்குத் தெரியும். சாதியின் பெயரை ஒருவரும் வாயில் எடுக்க மாட்டோம். அது நாகரிகமில்லை. ஊரில் எவடம் என்று கேட்போம். ஊர் தெரிந்தால் எந்தக் கோயிலடி என்று கேட்போம். கோயிலும் தெரிந்தால் எந்த ஒழுங்கை, எந்தச் சின்னத் தெரு என்று கேட்போம். ஒழுங்கைக்கு வந்துவிட்டால் பிறகு கேட்பதற்கு ஒன்றும் இராது. அந்த மூன்று கேள்வியையும் நான் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். அன்று பின்னேரம் உன்னிடம், "அது சரிவராது தம்பி," என்றேன். "சரிவராது எண்டா என்னம்மா?" என்று கேட்டாய். "உனக்கு விளங்காது," என்றேன். அடுத்த நாள் அந்தத் தாய்க்குத் திரும்பவும் போன் எடுத்து, எங்கள் பிள்ளைக்கு ஊரில் பேசி வைத்திருக்கிறது, உங்கள் மகளுக்குச் சொல்லிவையுங்கோ என்று பொய் சொன்னேன். வதனி உன்னோடு பேசுவதை நிறுத்தினாள். அடுத்த வருடம் லண்டனில் கலியாணம் முடித்துக்கொண்டு போய்விட்டாள். நீ என்னை ரேஸிஸ்ட் என்று சொன்னாய். நான் அதை ஏற்றுக்கொண்டதுபோல் பேசாமல் இருந்தேன். நீ அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

இனி உனக்குத் தெரியாதது. நான் எவடம் என்று கேட்டதற்கு வதனியின் அம்மா மருதங்கூடல் என்றார். எந்தக் கோயிலடி என்று கேட்டேன், சொன்னார். ஒழுங்கையையும் சொன்னார். அந்த ஒழுங்கை எனக்குத் தெரியும். நான் அங்கே ஒரு நாளும் போனதில்லை. ஆனால் என் அப்பா, உன் அம்மப்பா, அங்கேதான் பிறந்தார். வதனியின் அம்மா வெள்ளை மனசோடு கதையை வளர்த்தார். "எங்கட ஆக்களுக்கை படிச்சு முன்னுக்கு வந்தது குறைவு அக்கா. கந்தன் அப்புவின்ரை மோன் ஒராள் மட்டும் ரெயில்வேயிலை வேலை எடுத்து அனுராதபுரம் போனவர். போனவர் போனவர்தான். பிறகு ஒழுங்கைப் பக்கம் எட்டியும் பாக்கேல்லை." அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் அப்பாவைப் பற்றி. என்னிடமே.

உன் அம்மப்பாவின் பக்கத்து ஆட்கள் மரமேறிக் கள் இறக்கியவர்கள், தம்பி. சீவல் தொழில். அந்த நாளில் அவர்களைக் கோயிலுக்குள் விட மாட்டார்கள், கிணற்றில் அள்ள விட மாட்டார்கள். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, ரெயில்வேயில் எழுதுவினைஞராகி, ஊரை விட்டுப் போனார். தன் பெயரின் முன்னெழுத்துக்குரிய கந்தனைக் கந்தையாபிள்ளை ஆக்கினார். பதினைந்து வருடம் கழித்து யாழ்ப்பாண நகரத்துக்கு மாற்றலாகி வந்தபோது, யாராவது எவடம் என்று கேட்டால், "கனகாலம் அனுராதபுரம்," என்பார். அதற்கு முந்தி என்று கேட்டால் அப்பாவும் கலியாணத் தரகரும் சேர்ந்து ஆயத்தம் செய்த ஒரு ஊர் இருந்தது, ஒரு பரம்பரை இருந்தது, அந்தப் பரம்பரைக்கு ஒரு கோயில் உரிமையும் இருந்தது. அந்தத் தரகர்தான் எங்களுக்கு வம்சாவளி பாடியவர். அந்தப் பாட்டை நம்பித்தான் உன் அப்பாவின் அம்மா என்னை மருமகளாக எடுத்தார். கடைசி வரைக்கும் என் கையால் சாப்பிட்டார். தெரிந்திருந்தால் சாப்பிட்டிருப்பாரா என்று ஒவ்வொரு முறை சோறு போடும்போதும் நான் நினைத்திருக்கிறேன்.

எனக்கு இது யார் சொல்லித் தெரியும் என்று நீ கேட்பாய். ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு எட்டு வயதிருக்கும். அனுராதபுரத்து ரெயில்வே குவாட்டர்ஸுக்கு ஒரு வயதானவர் வந்தார். தோளில் பனையோலையில் பின்னிய ஒரு பனங்கட்டிக் குட்டான், நெஞ்சிலும் முன்கையிலும் மரம் உரசிக் காய்த்த தழும்பு. என் அம்மா அவருக்கு மூக்குப்பேணியில், நாங்கள் குடிக்கிற அதே குவளையில், தண்ணீர் கொண்டுவந்தார். அதே நேரம் பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். அவர் எங்கள் ஊர்ப் பக்கத்தவர், பார்த்தவுடனேயே சாதிக் கணக்குப் போடத் தெரிந்தவர். அந்த வயதானவர் அவரைக் கண்டார். நீட்டிய பேணியை வாங்கவில்லை. முற்றத்து மண்ணில் குந்தி, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார், மேலே இருந்து ஊற்றச் சொல்லி. அம்மா ஊற்றினார். பக்கத்து வீட்டுப் பெண் திருப்தியோடு, "ஊரிலையிருந்து சாமான் கொண்டுவந்த ஆளோ?" என்று கேட்டார். என் அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஓம்," என்றார்.

போகும்போது அந்த வயதானவர் என் தலையைத் தொட வந்து, கையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அப்பாவின் அதே முகம்; அவர்தான் கந்தன். என் அப்பப்பா. மகனின் கதை உடைந்துவிடக்கூடாது என்று தானாகவே குந்தியவர். அவரை நான் இன்னொரு முறை காணவில்லை. இறந்தபோது எங்கள் வீட்டில் ஒருவரும் அழவில்லை. அப்பா மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை, காய்ச்சல் என்றார்.

ஆகவே வதனியை நான் கீழே என்று நினைத்துக் கலைக்கவில்லை. அவள் என்னுடைய ஆள் என்பதால் கலைத்தேன். சம்பந்தம் செய்தால் அவளுடைய அம்மா ஒரு நாள் என்னை உற்றுப் பார்த்து, யாரென்று கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன். இது முதல் காரணத்தைவிட நல்லது என்று நான் சொல்லவரவில்லை. இதுதான் மோசம் என்று நினைக்கிறேன். சாதித் திமிர் பிடித்தவர்களுக்குத் தாங்கள் செய்வது பிழை என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்த நாலு புத்தகத்தையும் திருப்பிக் கொடுக்குமுன் இன்னொருமுறை வாசித்தேன், பரீட்சைக்கில்லாமல். எந்தக் கொள்கை சரி என்று இப்போது யாராவது கேட்டால் எனக்கு உறுதியாகத் தெரியாது. அந்நியர் என்று எழுதிய வெள்ளைக்காரருக்கு அப்படிச் சொல்வதில் ஒரு தேவை இருந்தது. சுத்தமான ஆரியர் என்று மறுத்தவர்களுக்கும் வேறு ஒரு தேவை இருந்தது. நாலாவதுதான் எனக்கு இப்போது கிட்ட வருகிறது: ஒரே இடத்திலிருந்து வந்த ஒரே கூட்டமில்லை, பல திசையில் பல பிழைப்புப் பிழைத்தவர்கள், நிலம் கிடைக்க, கோட்டை கட்ட, தங்களுக்குள் பெண் கொடுத்து எடுக்க, ஒரு பெயருக்குள் வந்தார்கள். ஏடு பிறகு எழுதப்பட்டது. ஆனால் அந்த ஏட்டைப் பொய் என்று சிரிக்க எனக்கு இனி வாய் வராது. கொள்கைகள் எல்லாம் மேலே ஏறியவர்களைப் பற்றியே பேசுகின்றன. ஏறுகிறவன் பின்னால் விட்டுவிட்டு வந்த தகப்பன் ஒருவன் இருந்திருப்பான். அபு மலையின் அடிவாரத்தில் எங்காவது ஒரு கிழவன், மகன் இப்போது நெருப்பில் பிறந்தவனாகிவிட்டான் என்று கேள்விப்பட்டு, பார்க்க வந்து, வாசலிலேயே குந்தியிருப்பான். அவனைப் பற்றி ஒரு புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. பரீட்சையில் நானும் எழுதவில்லை.

நீ கிரணைத் தெரிந்தெடுத்தபோது, எவடம் என்ற கேள்வி இனி இந்த வீட்டில் எழாது என்று நிம்மதியாக இருந்தேன். அதுவும் ஒரு அசட்டு நம்பிக்கை. போன வருடம் சண்டையால் ஊரில் சனம் முழுக்க எழும்பிப் போனபிறகு மருதங்கூடல் ஒழுங்கையில் ஒரு விளக்கும் எரிவதில்லை என்று கேள்வி. ஆனால் இங்கே ஸ்காபரோ போன் லைன்களில் எல்லா ஒழுங்கையும் அப்படியே இருக்கிறது. உன் கலியாணத்துக்கு வருகிற இருநூறு பேரில் அரைவாசிப் பேர் மைக்கில் வாசிக்கிற ஊர்ப் பெயரைக் காது கொடுத்துக் கேட்பார்கள். சாதி பார்க்கிற உன் பெரியப்பா முன்வரிசையில் இருப்பார். இது எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை அப்பாவுக்குச் சொன்னேன். முதலில் அவர் நான் ஏதோ பகிடி விடுகிறேன் என்று நினைத்தார். பிறகு டிவியை நிறுத்தினார். "என்ரை அம்மா உயிரோடை இருக்கேக்கை சொல்லாததை இப்ப ஏன் சொல்லுறீர்?" என்று கேட்டார்.

"பிள்ளையின்ரை கடுதாசியிலை பொய் எழுத ஏலாமல் கிடக்கு."

"இவ்வளவு நாளும் ஏலுமாயிருந்ததோ?"

"ஓம்," என்றேன். 

 ஞாயிறும் திங்களும் அவர் சோற்றைத் தானே போட்டுக்கொண்டு போய் அறைக்குள் இருந்து சாப்பிட்டார். இருபத்தைந்து வருடத்தில் அப்படி நடந்ததில்லை. இன்று காலையில் வேலைக்குப் போகும்போது, சப்பாத்துக் கட்டக் குனிந்தபடியே சொன்னார்: "எழுதும். ஆனா எனக்கு வாசிச்சுக் காட்டாதையும்." அவர் என்னை மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். நீ அவரோடு பேசும்போது அவர் பக்கமாக இரு. ஏமாற்றப்பட்டவர் அவர்தான்.

அவர் போனபிறகு பேனையை எடுத்தேன். என் தந்தையின் பெயரை எழுதினேன். அவரின் தந்தை: கந்தன். மூன்றாவது வரியில் கை நின்றுவிட்டது. கந்தனின் தகப்பன் யாரென்று எனக்குத் தெரியாது. என் அப்பா ஒரு நாளும் சொல்லவில்லை. சரித்திரப் பட்டதாரி; சௌகான்களின் பழைய அரசர்களில் பத்துப் பேரை வரிசையாகச் சொல்லுவேன், என் பூட்டனின் பெயர் தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஒரு ஆள் இந்த நகரத்தில் இருந்தார்.

நாலு வருடத்துக்குப் பிறகு வதனியின் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். என் குரலைக் கண்டுபிடித்ததும் அவருடைய குரல் இறுகியது. "சொல்லுங்கோ," என்றார்.

"ஒரு பேர் கேக்க எடுத்தனான். எங்கட கந்தன் அப்புவின்ரை தகப்பனுக்கு என்ன பேர்?"

 பின்னால் அவர்கள் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

"எங்கடையோ?" என்று கேட்டார்.

"ஓம். நான் ரெயில்வேக்காரரின்ரை மகள்."

 பிறகு, எந்தக் கோபமும் இல்லாமல், பதில் தெரிந்த பிள்ளை வகுப்பில் சொல்வதுபோல், "வேலன்," என்றார். "வேலன் அப்பு. மரத்தாலை விழுந்து செத்தவராம்." அதோடே கேட்டார்: "அப்ப என்ரை பிள்ளையை ஏன் வேண்டாமெண்டனீங்கள்?"

நான் பதில் சொல்லவில்லை.  ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரும் வைக்கவில்லை.  பிறகு அவர்தான் மெல்ல வைத்தார்.

அந்தக் கேள்வியை நீயும் கேட்பாய். அவருக்குச் சொல்லாத பதிலைத்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன். அவருக்கும் நான் போய்ச் சொல்ல வேண்டும். டோர்செட் பார்க்குக்கு ஒரு பஸ்தான், வெளிக்கிட வேண்டியதுதான் மிச்சம்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி குறைவு. ஒன்றே ஒன்று சொல்கிறேன். கிரணின் அப்பாவிடம் போய் அவருடைய நெருப்பைப் பற்றி ஒரு நாளும் வாதாடாதே. அவர் கேட்ட "எதிலிருந்து?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, நான்தான் ஒளித்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டு வேறாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இதோடு இருக்கிறது. உனக்கும் கிரணுக்கும் பிள்ளைகள் பிறந்தால் ஒரு பக்கம் சூரியனையும் நெருப்பையும் சொல்லிக்கொடுப்பார்கள். சொல்லட்டும். மறுபக்கத்தில் முற்றத்தில் குந்தியிருந்த ஒரு மனிதரை நீ சொல்லு. அவர் கையில் காய்ப்பு இருந்ததையும் சொல்லு.

தாளை நிரப்பி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். தந்தை, கந்தன், வேலன். பூர்வீக ஊர்: மருதங்கூடல். தொழிலுக்கு அவர் கோடு கீறவில்லை. நான் ஒரு கோடு கீறி அதையும் எழுதியிருக்கிறேன். கிரணின் அப்பாவிடம் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் உன் விருப்பம். உன் பெரியப்பாவை நினைத்து, அப்பாவை நினைத்து, அல்லது என் மேலுள்ள கோபத்தில், நீ இதைக் கிழித்தாலும் நான் ஒரு சொல் கேட்க மாட்டேன். கொடுப்பதென்றால், மைக்கில் வாசிக்கிறவருக்கு ஒன்று சொல்லிவிடு: இந்த இரண்டு பெயர் வரும்போது ஓட வேண்டாம். கிழிப்பதென்றால், அதற்கு முன்னால் நீயாவது ஒருதரம் வாய்விட்டு மெதுவாக வாசி.

அம்மா